மெசினில் எடுத்தால் பலன் இல்லை

1998 மாசியில் ஒக்லாந்து நடுநகரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. அலுவலகங்கள் மூடின. குயின் வீதியில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் இரைந்தது. யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் குப்பிவிளக்கோடு இருந்துவிட்டு அதற்குத் தப்பி வந்த சனங்களுக்கு, இருட்டு தங்களைத் தேடி விசா எடுத்து வந்த சொந்தக்காரன் போலத் தெரிந்தது. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு வீட்டில் மட்டும் இரண்டு பேர் பாதிக்கப்பட்டார்கள்.

முதலாவது ஆள் பார்த்தீபன். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. செய்துகொண்டிருந்தான். வெளியாட்கள் கேட்டால் "கொம்பியூட்டர் படிக்கிறான்" என்று அவனுடைய அம்மா சரோஜாதேவி சொல்வாள். அவன் உண்மையில் படித்தது, முந்நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் இலண்டன் நகரத்தைப் பற்றி எழுதப்பட்டு, அச்சுக்குப் போகாமல், கையால் பிரதி செய்யப்பட்டு, சட்டைப்பைக்குச் சட்டைப்பை மாறிய பாட்டுகளை. நகரத்தைப் புகழ்ந்த பாட்டுகளும் இருந்தன. அவை அவனுக்குக் கொட்டாவி. அவன் விரும்பியது வசைகளை. நாற்றத்தை ஏசியவை, கொள்ளைநோய் வந்ததும் வண்டி கட்டி ஓடிய பணக்காரரை ஏசியவை, ஊரை விட்டுப் போகும்போது திரும்பி நின்று துப்பியவை. எழுதியவன் பெயர் இருக்காது. காலையில் ஒரு கதவில் ஒட்டியிருக்கும். பின்னேரம் கள்ளுக்கடையில் பாடுவார்கள். பிரதி எடுப்பவன் சும்மா எடுக்கமாட்டான். நகரத் தலைவரை ஏசிய வரி அடுத்த பிரதியில் பெயர் மாறி, எடுத்தவனின் மாமனாரை ஏசும்.

இந்தப் பாட்டுகள் எல்லாம் இங்கிலாந்து நூலகங்களில் கிடந்தன. பார்த்தீபனிடம் இருந்தது அவற்றைப் படமெடுத்த மைக்ரோபிலிம் சுருள். மின்சாரம் போனதும் அதைப் பார்க்கும் பல்கலைக்கழக மெசின் செத்தது. அவனுடைய இலண்டன் ஒரு தகர டப்பாவுக்குள் சுருண்டு படுத்துவிட்டது.

இரண்டாவது ஆள் அவனுடைய அக்கா லோஜனா. குயின் வீதியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அலுவலகம் இருண்டதும் வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அது பரவாயில்லை. அவளுக்குப் பேசியிருந்த பாபகூரா மாப்பிள்ளை ரஜிதன், கேபிள் திருத்தும் ஆட்களில் ஒருவன். நிலத்தைத் தோண்டித் தோண்டி ஓவர்டைம் செய்ததில், பெண் பார்க்கவேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போனது. நகரத்துக்கு வெளிச்சம் வரவேண்டும் என்று லோஜனா வேண்டியதுபோல மேயர்கூட வேண்டியிருக்கமாட்டார்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. முன்னே வந்த சம்பந்தங்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. அல்லது அவளை அவற்றுக்குப் பிடிக்கவில்லை. ரஜிதனைப் பிடித்திருந்தது. வேலையிடத்திலிருந்து மத்தியானத்தில் போன் எடுப்பான். பின்னால் துளைக்கும் மெசின் கத்தும். இரண்டு பேரும் கத்திக் கத்திக் காதலித்தார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"கேக்கேல்லை!"

"சாப்பிட்டீங்களா எண்டு!"

இவ்வளவுதான் அவர்கள் கதைத்தது. லோஜனாவுக்கு அது போதுமாயிருந்தது.

போதாததாக இருந்தது பின்னறை. அதில் அவர்களுடைய அப்பா தவராசா இருந்தார். பிள்ளைகள் முதலில் வந்து, தாய்தகப்பனைப் பிறகு கூப்பிட்ட குடும்பம் அது. தொண்ணூற்றைந்தில் இயக்கம் போகச் சொல்லி யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே பாலத்தால் நடந்து வெளியேறியபோது தவராசா கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒக்லாந்து வந்ததும் அடியோடு விட்டுவிட்டார். கட்டிலில் இருந்து சுவரைப் பார்ப்பார். வேறு கரைச்சல் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் அது இரத்தத்தில் ஓடும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று கலியாணம் பேசுகிறவர்கள் நம்பினார்கள். ஆகவே வீட்டில் ஒரே விடை வைத்திருந்தார்கள்: அவர் நைட் ஷிஃப்ட், பகலில் படுக்கிறார்.

பெண் பார்க்க வரும்போது அந்த விடை செல்லாது. லோஜனா அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தாள்.

"அப்பா, அவை வருவினம். நீங்கள் கோட் போட்டுக்கொண்டு ஹோலில இருக்கோணும். என்ன சொல்லுவீங்கள்?"

தவராசா சுவரைப் பார்த்தார்.

"வாங்கோ. இருங்கோ. இந்த ரெண்டும் காணும். மிச்சத்தை நாங்கள் கதைப்பம்."

நாள் நாளாக இது நடந்தது. ஒரு காலை கேத்தில் கொதித்துக் கூவியபோது, பின்னறைக்குள்ளிருந்து தவராசா அந்தச் சத்தத்துக்கு "வாங்கோ" என்றார். லோஜனா குசினிக்குள் போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதே கிழமை பார்த்தீபனின் மேற்பார்வையாளர் டொக்டர் ஹில்லரி, தன் அறை இருட்டென்று, ஆல்பர்ட் பார்க்கில் ஒரு மரத்தடியில் தேநீர்க் குடுவையோடு இருந்து மாணவர்களைச் சந்தித்தார்.

"பிரதி எடுப்பவர்கள் வரிகளை மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏன் மாற்றினார்கள்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியாது."

"அதுதான் துக்கம். செத்தவர்களைக் கேட்க முடியாது."

பார்த்தீபன் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது ஜன்னலால் பார்த்தான். டொமினியன் வீதி நெடுக உயிரோடு ஆட்கள் நடமாடினார்கள். மிளகாய்த்தூள் வாங்கினார்கள், ஒருவரை ஒருவர் ஏசினார்கள், பேனை பிடிக்கத் தெரிந்திருந்தார்கள். இவ்வளவு பேரும் சும்மா உயிரோடிருந்து வீணாகிறார்கள் என்று அவனுக்குப் பட்டது.

அவன் ஒக்லாந்தை ஏசி ஒரு பாட்டு எழுதினான். கும்மி மெட்டு, சின்னப்பிள்ளையும் பாடலாம்.

*எரிமலை எல்லாம் உறங்குமூரு – இங்கே*
*எழும்பி இருப்பது மோட்கேஜ்தான்*
*இருபுறம் கடலும் இருக்குதையா – காலை*
*நனைக்கத்தான் ஆருக்கும் நேரமில்லை.*

பிறகு பகுதி பகுதியாகப் போனான். லின்ஃபீல்டின் இரட்டைக் கராஜுக்கு ஒரு குத்து. பாபகூராவுக்கு இது:

*பாபகூரா ரெயில் ஏறிவந்தார் – மாமி*
*பட்டணம் பார்த்திட ஆசைகொண்டார்*
*கோபுரம் ஒன்று குனிந்து கேட்கும் – உங்கள்*
*கொடியென்ன அசலா கவரிங்கா?*

சொந்தப் பகுதியான மவுண்ட் ரோஸ்கில்லையும் விடவில்லை. நடுநிலை ஆய்வுக்கு முக்கியம்.

*முன்னறைச் சோபாவில் பிளாஸ்டிக் உறை – அதில்*
*குந்தி எழும்பினால் தோலுரியும்*
*பின்னறைக் கதவைப் பூட்டிவைப்பார் – அங்கே*
*பிழியாத சீலைகள் மலையிருக்கும்.*

ஒரு சிக்கல் இருந்தது. சனம் போட்டோக்கொப்பி எடுத்தால் எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி இருக்கும், ஆய்வு செத்தது. அதற்கு அவன் ஊரில் தபாலட்டையில் வரும் சாமிக் கடிதங்களை நினைத்துக்கொண்டான். தாளின் தலையில் ஒரு வேல் கீறினான். அடியில் எழுதினான்: "இதைக் கையால் எழுதி ஐந்து வீட்டுக்குக் கொடுப்பவருக்கு நினைத்த காரியம் கைகூடும். மெசினில் எடுத்தால் பலன் இல்லை. ஹமில்டனில் ஒருவர் போட்டோக்கொப்பி எடுத்தார், அவருடைய நிரந்தர வதிவிட பீ.ஆர். நிராகரிக்கப்பட்டது. எழுதியவர் பெயரைக் கேட்கக்கூடாது."

முதல் பிரதியை எழுதியவன் கவிநேசன். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்து பார்த்தீபனோடு படித்தவன். நல்ல குரல், ஆகையால் தமிழர் கூடும் இடமெல்லாம் மைக் அவன் கையில்தான்.

"என்னடா இது, கெட்ட வார்த்தை மாதிரியும் இருக்கு, சாமி மாதிரியும் இருக்கு?" என்றான் கவிநேசன்.

"எழுது."

"கை வலிக்குதுலா. ஹமில்டன்ல நெசமாவே அப்படி நடந்துச்சா?"

"உனக்கு பீ.ஆர். வேணுமா வேண்டாமா?"

கவிநேசன் எழுதினான். அன்று வெள்ளிக்கிழமை. வாடகை மண்டபத்தில் நடக்கும் பூசையில், செருப்புக் கழற்றும் இடத்தில் தாள்களை வைத்தார்கள். பாட்டு ஊரையே ஏசியது. ஆனால் தலையில் வேல் இருந்ததால் அதை எறியும் துணிவு யாருக்கும் வரவில்லை.

ஒக்லாந்துத் தமிழர் அந்த மாதம் எழுதியதுபோல அதற்கு முன்னும் பின்னும் எழுதியதில்லை. கணக்காளர்கள் எழுதினார்கள். பல் வைத்தியர் எழுதினார். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். எழுதும்போது எல்லோருக்கும் கை துருதுருத்தது. லின்ஃபீல்ட்காரர் தங்கள் கராஜை எடுத்துவிட்டுப் பக்கத்து ஊரின் நீச்சல்குளத்தைப் போட்டார்கள். பாபகூராவில் தாலிக்கொடி அசலாகி, மவுண்ட் ரோஸ்கில்லில் கவரிங் ஆகியது. யாரோ ஒரு மாமனார் புதிதாக உள்ளே வந்தார். பார்த்தீபன் வீடு வீடாகப் போய், "யுனிவர்சிட்டிக்கு வேணும், ஆரோ எழுதின பாட்டாம்" என்று பிரதிகளைச் சேர்த்தான். ஒவ்வொன்றின் மூலையிலும் கொடுத்தவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டான். அவன் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை அம்மா பார்த்ததில்லை.

லின்ஃபீல்டில் யோகராணியும் ஒரு பிரதி வைத்திருந்தாள். பலகாரம் செய்து விற்பவள். எல்லா வீட்டுக்கும் போய்வருபவள். அவளுடைய மகள் சிவானிக்கு ரஜிதனைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் லோஜனாவின் பேச்சு முந்திக்கொண்டது. ஒருநாள் முறுக்குக் கொடுக்க மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்கு வந்தவள், பாத்ரூம் என்று நினைத்துப் பின்னறைக் கதவைத் திறந்திருக்கிறாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்று சொல்லிச் சாத்தியும் இருக்கிறாள். அண்ணை திரும்பவில்லை.

"தம்பி, நான் ஒரு வரி திருத்தினனான்," என்று தாளை நீட்டினாள்.

*பின்னறைக் கதவைப் பூட்டிவைப்பார் – அங்கே*
*பேசாத மனிசன் ஒருத்தன் உண்டு.*

பார்த்தீபனுக்குப் புல்லரித்தது. "ஏன் மாமி மாத்தினீங்கள்?"

"சீலை எண்டு கிடந்தது. அது சரியில்லையே. உண்மைக்குக் கிட்ட இருக்கட்டுமெண்டு."

பார்த்தீபன் எழுதிக்கொண்டான்: பிரதியாளர் உண்மைத்தன்மையை நாடுகிறார்.

"அஞ்சு வீட்டுக்கும் குடுத்திட்டீங்களா?"

"குடுக்காமல்? சாமி விசயமெல்லோ. பாபகூராவுக்கும் ஒண்டு அனுப்பினனான்."

வீட்டில் சாப்பாட்டு மேசையில் பிரதிகளைப் பரப்பி வைத்திருந்தபோது லோஜனா அந்தத் தாளை எடுத்தாள். ஆய்வேட்டை டைப் அடிப்பவள் அவள்தான். தாள்கள் அவளிடம்தான் வரும்.

"இது ஆரடா எழுதினது?"

"யோகராணி மாமி. மற்றதெல்லாம் வெறும் பகிடி அக்கா. இதொண்டுதான் கவிதை. பாரன், சீலை எண்டதை மனிசன் ஆக்கிப்போட்டா."

"பேசாத மனிசன் எண்டா ஆர்?"

"ஆருமில்லை. அது உருவகம். நகரத்தின்ர தனிமையைச் சொல்லுது."

பின்னறைக்குள் உருவகம் இருமியது.

லோஜனா தாளை மேசையில் வைத்தாள். "இது பாபகூராவுக்குப் போச்சுதா?"

"ஓம், போயிருக்கு! ரெயில் பாதையோட பிரதி எப்பிடிப் பரவுது எண்டு ஒரு படம் கீறலாம்."

லோஜனா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு கள்ளமும் இல்லை. ஏசுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை.

மத்தியானம் ரஜிதன் போன் எடுத்தான். இந்த முறை பின்னால் மெசின் கத்தவில்லை.

"அம்மாவுக்கு ஒரு தாள் வந்திருக்கு. பெயர் இல்லாமல்," என்றான். "உங்கட வீட்டில ஏதும்... இருக்கா?"

கத்தாமல் கதைக்க லோஜனாவுக்குப் பழக்கமில்லை. "ஒண்டுமில்லை," என்றாள். "அது பாட்டு."

பாட்டு என்பது பார்த்தீபனுக்கும் டொக்டர் ஹில்லரிக்கும்தான். பாபகூராவில் ரஜிதனின் அம்மா சுந்தரி கையில் எடுத்தது பாட்டே இல்லை. கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் பெயர் போடாமல், கைபட எழுதிய ஒரு தாள் வந்தால் அது என்ன என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தத் தாய்க்கும் தெரியும். அது மொட்டைக் கடிதம். மேலே எரிமலை, கோபுரம் என்று எவ்வளவு இருந்தாலும் அது மறைப்பு. விசயம் ஒரே இடத்தில்தான் இருக்கும். சுந்தரி அதைத் தேடி, கண்டுபிடித்து, பென்சிலால் கோடு போட்டாள். ஒரு மொட்டைக் கடிதத்தைப் பொய்யென்று தள்ளினவர்கள் பிறகு பட்ட பாட்டை அவள் தன் கண்ணால் பார்த்தவள். போய்ப் பார்க்காமல் முடிவெடுப்பது பாவம் என்றும் நினைத்தாள். நியாயமான மனுசி.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். காலையிலேயே லோஜனா அப்பாவுக்குக் கோட் போட்டு, டை கட்டி, தலை இழுத்துவிட்டிருந்தாள். ஹோலுக்குக் கூட்டிவரக் கையைப் பிடித்தபோது அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கார்ச் சத்தம் கேட்டது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

சோபாவின் பிளாஸ்டிக் உறையைச் சரோஜாதேவி முதல்நாளே கழற்றிவிட்டாள். பாட்டு அவள் கைக்கும் வந்து, அவளும் ஐந்து வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். மகளின் கலியாணம் கைகூடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினாள்.

"அவர் எங்கை, காணேல்லை?" என்றாள் சுந்தரி, இருக்காமலே.

"நைட் ஷிஃப்ட். விடியத்தான் வந்தவர்," என்றாள் சரோஜாதேவி.

"ஞாயிற்றுக்கிழமையுமோ. பாவம்." சுந்தரி கைப்பையைக் கையிலிருந்து தோளுக்கு மாற்றினாள். "எனக்கு ஒருக்காக் கை கழுவோணும்."

"மாமி, பாத்ரூம் இந்தப் பக்கம்," என்று லோஜனா எழும்பினாள்.

"இரு பிள்ளை, நான் பார்த்துப் போறன்."

அவள் பாத்ரூமைத் தாண்டி நடந்தாள். பின்னறைக் கதவைத் திறந்தாள். ஹோலில் இருந்த எல்லோருக்கும் உள்ளே தெரிந்தது. கோட், டை, வாரிய தலையோடு தவராசா கட்டில் விளிம்பில் இருந்தார். சுந்தரியை நேராகப் பார்த்தார்.

"வாங்கோ. இருங்கோ," என்றார்.

மிகவும் நன்றாகச் சொன்னார். ஒரு பிசகு இல்லை. சரோஜாதேவி நெஞ்சில் கை வைத்தாள். சுந்தரிக்கே ஒரு கணம் முகம் மாறியது.

"இருக்கட்டும் அண்ணை. சுகமாயிருக்கிறீங்களா?"

"வாங்கோ. இருங்கோ."

"வேலை எப்பிடி? எங்கை வேலை?"

"வாங்கோ," என்றார் தவராசா. "இருங்கோ. வாங்கோ. இருங்கோ." எழும்பி, கட்டிலில் பக்கத்து இடத்தைக் கையால் தட்டித் தூசு துடைத்தார். அவர் நிறுத்தவில்லை. லோஜனா போய்க் கதவைச் சாத்தும்வரை சொன்னார்; சாத்திய பிறகும் கேட்டது.

சுந்தரி வந்து இருந்தாள். கேசரியை முழுதாகச் சாப்பிட்டாள். மிச்சம் விட்டால் அவமரியாதை. ரஜிதன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். லோஜனா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும் என்பதுபோல இருந்தது அவளுடைய பார்வை. சனங்களுக்கு ஒரு சொல் பழக்க எவ்வளவு நாளாகும் என்று அவளுக்குத் தெரியாததில்லை.

"நாளைக்கு டெம்பரரி லைன் டெஸ்ட் பண்ணுறம்," என்றான் ரஜிதன், சப்பாத்திடம்.

"ஓம், அந்த வேலை முடியட்டும்," என்றாள் சுந்தரி. "பிறகு கதைப்பம்." கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தாள். லேஞ்சியோடு மடித்த தாள் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

மூலையில் இருந்த பார்த்தீபன் அதைக் கண்டான். இப்போது முன்னுக்கு வந்தான்.

"மாமி, அதை நான் எடுக்கலாமா?"

"எதைத் தம்பி?"

"அந்தப் பிரதியை. பாபகூராப் பிரதி என்னட்டை இன்னும் இல்லை. அந்தப் பென்சில் கோடு நீங்கள் போட்டதா? ஏன் அந்த வரிக்கு மட்டும் போட்டனீங்கள்?"

சுந்தரி அவனைப் பார்த்தாள். பிறகு பின்னறைக் கதவைப் பார்த்தாள். இரத்தத்தில் ஓடும் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும். தாளை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பங்குனி முடிவதற்குள் நகரத்துக்கு மின்சாரம் வந்தது. போன் வரவில்லை. லோஜனாவின் அலுவலகம் திறந்தது. அவள் பகலில் அங்கும் பின்னேரத்தில் ஆய்வேட்டுக்கும் டைப் அடித்தாள். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு "பிரதி எடுப்பவரின் உரிமை". பாபகூராப் பிரதிக்கு அதில் தனிப் பகுதி இருந்தது. 'ஒரு பெண் வாசகர் இவ்வரியைக் கோடிட்டுள்ளார். காரணம் அறியக் கிடைக்கவில்லை' என்று அவன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை அவள் பிழையில்லாமல் அடித்தாள். டொக்டர் ஹில்லரி அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் "அற்புதம்" என்று எழுதினார்.

ஆவணியில் யோகராணி ஒரு தட்டு அரியதரத்தோடு வந்தாள். சிவானிக்கும் ரஜிதனுக்கும் கலியாணம்.

"உங்களுக்குச் சொல்லாமல் செய்வமா? கட்டாயம் வரோணும்," என்றாள். "தம்பி, நீதான் வாழ்த்துப்பா எழுதோணும். நீ கவிதை படிக்கிற பிள்ளையாம். லோஜனா வடிவா டைப் அடிச்சு, பிரேம் போட்டுத் தந்தால் மேடையில வாசிச்சுக் குடுக்கலாம். என்ன பிள்ளை?"

"ஓம் மாமி," என்றாள் லோஜனா.

"பொறாமை இல்லாத பிள்ளை," என்று யோகராணி சரோஜாதேவியிடம் சொன்னாள்.

பார்த்தீபனுக்கு நேரமில்லை, ஆய்வேடு பைண்ட் பண்ணப் போயிருந்தது. பழைய இலண்டன்காரர் செய்ததைத் தானும் செய்தான். ஒக்லாந்து வசையின் கும்மி மெட்டை அப்படியே எடுத்து, ஏச்சை வாழ்த்தாகத் திருப்பி, இரண்டு பெயரைச் செருகி, அக்காவிடம் கொடுத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அடித்ததில் ஒரு நாளும் பிழை இருந்ததில்லை.

கலியாணம் லின்ஃபீல்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. போகாவிட்டால் கதைப்பார்கள் என்று சரோஜாதேவி காஞ்சிபுரம் உடுத்துப் போனாள். யோகராணியின் காரிலேயே அவளையும் பார்த்தீபனையும் ஏற்றிப் போனார்கள். அப்பாவோடு ஒருவர் நிற்கவேண்டும் என்று லோஜனா நின்றுவிட்டாள்.

தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்கு முன், கவிநேசன் மைக்கைப் பிடித்தான். கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிக் காட்டினான். "அடுத்து, மணமக்களுக்கு வாழ்த்துப்பா!" என்று சொல்லி, மெட்டோடு பாடினான். முதல் இரண்டு பாட்டும் பார்த்தீபன் எழுதியவை. மூன்றாவதும் நான்காவதும் இப்படி இருந்தன:

*முன்னறை எங்கும் விளக்கெரியும் – கேபிள்*
*மூலைக்கு மூலை சரிவந்ததாம்*
*பின்னறைக் கதவைத் திறந்துபார்த்து – மாமி*
*பிடித்துக் கொடுத்த மாப்பிள்ளையாம்.*

*'பேசாத மனிசன்' எழுதிவிட்ட – எங்கள்*
*யோகராணி மாமி பல்லாண்டே*
*ஆசையாய் அங்கே ஒருகுரலும் – அம்மா*
*வாங்கோ இருங்கோ என்கிறதே.*

கவிநேசன் பாடிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு விளங்கத் தொடங்கியது. ஆனால் நல்ல குரல்காரர்களால் நடுவில் நிறுத்த முடிவதில்லை. கடைசி வரியையும் வாசித்தான்: "இயற்றியவர், தவராசா பார்த்தீபன்."

மண்டபம் முதலில் சிரித்தது. மெட்டு எல்லோருக்கும் பாடம். எல்லோரும் கைவலிக்க எழுதிய மெட்டு. பிறகு ஒவ்வொரு மேசையாகச் சிரிப்பு நின்றது. அந்தப் பாட்டில் இல்லாமலிருந்தது ஒரு பெயர்தான். இப்போது அது சட்டம் போட்டு வந்திருந்தது. கராஜ்காரர்கள் திரும்பினார்கள். நீச்சல்குளத்துக்காரர் திரும்பினார். ஐந்து வீட்டுக்கு எழுதியும் பீ.ஆர். கிடைக்காதவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். மேடையில் சுந்தரி, சம்பந்தியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மொட்டைக் கடிதத்தின் கையெழுத்து இனித் தன் வீட்டில்தான் விருந்து சாப்பிடும் என்பது அவளுக்குப் படிப்படியாக விளங்கியது. யோகராணி மகளின் மாலையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். ரஜிதன் தலையைக் குனிந்தான். மேடையில் அவன் சப்பாத்துப் போட்டிருக்கவில்லை.

தாயையும் மகனையும் சாப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சுந்தரி சட்டத்தைக் கொண்டுவந்து பார்த்தீபனின் கையில் கொடுத்தாள்.

"உன்ர பிரதி தம்பி. இதையும் சேர்த்துக்கொள்."

ஞாயிற்றுக்கிழமை. பஸ் இல்லை. யாருடைய காரிலும் இடமும் இல்லை. பின் சீற்றுகள் வெறுமையாகப் போனாலும் இடம் இல்லை. தாயும் மகனும் லின்ஃபீல்டிலிருந்து மவுண்ட் ரோஸ்கில்வரை நடந்தார்கள். பாதி வழியில் சரோஜாதேவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தொண்ணூற்றைந்துக்குப் பிறகு, தன் சனம் அவளை நடக்கவைத்தது இது இரண்டாம் முறை. அவள் மகனோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வீட்டில் அந்தப் பழக்கம் ஏற்கனவே ஒருவருக்கு இருந்தது.

லோஜனா கதவைத் திறந்தாள்.

"நீ மாத்திப்போட்டாய்," என்றான் பார்த்தீபன். சட்டம் அவன் கக்கத்தில் இருந்தது.

"பிரதி எடுக்கிற ஆக்கள் மாத்துவினம். அது அவையின்ர உரிமை. மூண்டாம் அத்தியாயம். நான்தானே அடிச்சனான்."

"உனக்கு என்ன கிடைச்சுது இதால?"

"ஒண்டுமில்லை," என்றாள் லோஜனா. "உண்மைக்குக் கிட்ட இருக்கட்டுமெண்டு."

கதவுச் சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து குரல் வந்தது. அந்த வீட்டில் எந்தக் கதவு திறந்தாலும் இப்போது அது வரும். பழக்கியதை மறக்கவைக்க யாருக்கும் தெரியவில்லை.

"வாங்கோ. இருங்கோ."

சரோஜாதேவி உள்ளே போய்க் கட்டிலில் அவர் தட்டிக் காட்டிய இடத்தில் இருந்தாள். பார்த்தீபன் ஹோலிலேயே நின்று, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த நான்காவது பாட்டை இன்னொரு முறை வாசித்தான். எழுதியவர் தெரியும். மாற்றியவர் தெரியும். ஏன் மாற்றினார் என்பதும், முதல்முறையாக, ஐயமில்லாமல் தெரிந்தது. சேர்த்த பிரதிகளில் இதற்கு நிகராக ஒன்றும் இல்லை. ஆனால் ஆய்வேடு நீல அட்டை போட்டுப் பைண்ட் ஆகிவிட்டது. இனி ஒரு தாள்கூடச் சேர்க்க முடியாது.

அன்று அவனுக்கு உண்மையாகவே வலித்தது அதுதான்.